ட்ரிகரில் தொங்கும் அரை கிலோ

ஏர் பிஸ்டல் சுடும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் இந்த மாதம் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ட்ரிகர் எடை பற்றியவை, அதாவது சுடுவதற்கு ட்ரிகரை எவ்வளவு கனத்துக்கு இழுக்க வேண்டும் என்பது. ஏர் பிஸ்டலுக்கு அது 500 கிராமுக்குக் குறையக் கூடாது. குழலை மேலே பார்க்க வைத்து, ட்ரிகரில் 500 கிராம் கல்லை மாட்டித் தூக்கும்போது ட்ரிகர் விடாமல் நிற்க வேண்டும், அதுதான் சோதனை. போட்டிக் காலம் நெருங்கினால் இப்படித்தான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாலிடெக்னிக்கில் மெஷின் லேப் நடத்தியவள், பிறகு போட்டிகளில் துப்பாக்கிகளைச் சோதிக்கும் எக்விப்மென்ட் கண்ட்ரோல் மேசையில் உட்கார்ந்தவள் என்ற இரண்டு அனுபவத்தையும் வைத்து எழுதுகிறேன்.

அக்கா, ஓர் ஓபன் போட்டியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டேன். காலையில் சோதனை மேசையில் 500 கிராம் கல்லை என் பிஸ்டல் தூக்கிவிட்டது. ஸ்டிக்கரும் ஒட்டினார்கள். 60 ஷாட்டும் முடித்து வெளியே வரும்போது குலுக்கலில் என் லேன் நம்பர் விழுந்தது. மறுபடி கல்லை மாட்டினார்கள். மூன்று முறையும் ட்ரிகர் விட்டுவிட்டது. பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. இது நியாயமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. 75 நிமிடம் நின்று சுட்ட ஸ்கோர் அப்படியே போவது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் விதி அவர்கள் பக்கம்தான். 500 கிராம் என்பது காலையில் ஒரு தடவை காட்டிவிட்டுப் போகும் கணக்கு கிடையாது. போட்டி முடியும்வரை பிஸ்டல் அந்த எடைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.பின் விதி சொல்கிறது. கல்லைத் தூக்க அதிகபட்சம் மூன்று முயற்சி. காலையில் மூன்றிலும் தவறினால் ட்ரிகரைச் சரிசெய்துகொண்டு திரும்ப வரலாம். போட்டி முடிந்தபின் தவறினால் அந்த வழி இல்லை, தகுதி நீக்கம்தான். சோதனைக்கு வராமல் நழுவினாலும் அதே முடிவு. நம் ஊர்ப் போட்டிகளிலும் இதே விதிதான்.

நீங்கள் ஸ்க்ரூவைத் தொடவில்லை என்பதை நான் அப்படியே நம்புகிறேன். தொடாமலேயே இது நடக்கும். உங்கள் பிஸ்டல் காலையில் 500 கிராமைத் தூக்கியது என்றால் அதன் எடை 501 ஆக இருந்திருக்கலாம், 540 ஆகவும் இருந்திருக்கலாம். கல் அதைச் சொல்லாது. தூக்குகிறதா, விடுகிறதா என்ற ஒரே பதில்தான் அதனிடம் உண்டு. 501-இல் வைத்திருந்தீர்கள் என்றால் தூக்கும் விதம் கொஞ்சம் மாறினாலே ட்ரிகர் விட்டுவிடும்.

எவ்வளவு மாறினால் விடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கல் நிலையாகத் தொங்கும்போது ட்ரிகர் மேல் 500 கிராமுக்கான இழுப்பு இருக்கிறது. மேசையிலிருந்து வெடுக்கென்று தூக்கினால் கல்லுக்கு மேல்நோக்கி முடுக்கம் வருகிறது. கல்லின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 1 மீட்டர் கூடும் அளவு முடுக்கம் வந்தாலே இழுப்பு பத்து சதவீதம் ஏறிவிடும். 500 கிராம் கல் 550 கிராம் போல இழுக்கும். கல் ஊசலாடினாலும் இப்படித்தான்: இருபது டிகிரி வீச்சில் ஆடும் கல், கீழே வந்து கடக்கும் கணத்தில் கிட்டத்தட்ட 560 கிராமாக இழுக்கும். போட்டி முடிந்து கை நடுங்கும் நேரம், சுற்றி ஆட்கள், மனசுக்குள் ஸ்கோர். காலையில் நிதானமாகத் தூக்கிய அதே கை மாலையில் வெடுக்கென்று தூக்கியிருக்கும்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: விளிம்பில் வைக்காதீர்கள். என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு 515-லிருந்து 520 கிராம் வரை வைக்கச் சொல்கிறேன். அந்த இருபது கிராமை விரல் உணராது. உணர்கிறது என்று சொல்பவர்களிடம் கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு பிஸ்டலையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் தூக்குகிறவர் கையில் வரும் சின்னத் தடுமாற்றத்தை அந்த இருபது கிராம் தாங்கிக்கொள்ளும்.

இன்னொன்று. சைட்டிங் எனும் கணக்கில் சேராத ஷாட்கள் தொடங்கும் முன் வீரர்கள் தாங்களே சோதித்துக்கொள்ள ரேஞ்சில் அதிகாரபூர்வ எடைக்கல் ஒன்று இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பலர் அதன் பக்கமே போவதில்லை. இல்லையென்றால் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. பேருந்தில் வந்த பெட்டி, இரவெல்லாம் குலுங்கிய ஸ்க்ரூ, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நிமிடச் சோதனை பதில் சொல்லிவிடும்.

வீட்டிலேயே சரியாகச் சோதிப்பது எப்படி? க்ளப்பில் ஆளுக்கு ஒரு விதமாகச் செய்கிறார்கள். டெஸ்ட் வெயிட் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா?
– பிளஸ் ஒன் மாணவரின் தந்தை, ஈரோடு

வரவழைக்க வேண்டாம் சார். லேத் பட்டறை இல்லாத தெருவா ஈரோட்டில்? அரை அங்குலத் தடிமனில் ஒரு இரும்புக் கம்பி, அதன் மேல்முனையில் கொக்கி போல வளைத்த தகடு, கம்பியின் அடியில் வட்டமான இரும்புத் துண்டு. இவ்வளவுதான். ட்ரிகரில் உட்காரும் இடம் கத்தி விளிம்பு போல மெல்லியதாக இருக்க வேண்டும். விரலை அறுக்கும் கூர்மை வேண்டாம், ட்ரிகரில் கீறல் விழும். உலோகமாகவோ ரப்பராகவோ இருக்கலாம். உருளை வைக்கக் கூடாது. உருளை வைத்தால் கல் ட்ரிகரின் வளைவில் தானே வழுக்கித் தனக்கு வசதியான இடத்துக்குப் போய்விடும். கத்தி விளிம்பு வைத்த இடத்திலேயே நிற்கும். நடுவில் ஸ்ப்ரிங் எதுவும் கூடாது.

கொக்கி, கம்பி, அடித்துண்டு மூன்றும் சேர்ந்துதான் 500 கிராம். இதில்தான் பலர் தவறுகிறார்கள்: மளிகைக்கடை 500 கிராம் எடைக்கல்லை வாங்கி அதற்கு மேல் கொக்கி மாட்டிவிட்டு, "என் பிஸ்டல் கல்லைத் தூக்கவே மாட்டேன் என்கிறது" என்று ட்ரிகரை ஏற்றிக்கொண்டே போவார்கள். பட்டறையில் சற்று அதிக எடையில் செய்யச் சொல்லிவிட்டு, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து எடுக்கச் சொல்லுங்கள். எடை பார்க்க நகைக்கடைத் தராசுதான் நல்லது. தெரிந்த நகைக்கடையில் கேட்டால் மறுக்க மாட்டார்கள், அவர்களுடைய தராசு முத்திரை ஆய்வாளர் பார்த்து முத்திரையிட்டது. வீட்டுச் சமையலறை டிஜிட்டல் தராசை நம்ப வேண்டுமானால் முதலில் முத்திரையுள்ள எடைக்கல்லை அதில் வைத்துப் பாருங்கள். கூடவே பத்து கிராம் வாஷர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கம்பியில் கோத்தால் 510, 520 என்று ஏற்றிப் பார்க்கலாம். உங்கள் பிஸ்டல் உண்மையில் எவ்வளவு தாங்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

இனி சோதனை. முதலில் பெல்லட் என்கிற குண்டு உள்ளே இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பையன் பார்த்தது போதாது, நீங்களும் பாருங்கள். குழலுக்குள் நுழைத்திருக்கும் சேஃப்டி ஃப்ளாக் வடத்தை எடுத்துவிட்டு, சிலிண்டரில் காற்று இருக்கும் நிலையில் பிஸ்டலைச் சுடுவதற்குத் தயாராக்குங்கள். ட்ரை ஃபயர் நிலையில், அதாவது குண்டு சுடாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகும் நிலையில், வைத்துச் சோதிக்க வேண்டாம். போட்டி மேசையில் காற்றழுத்தம் உள்ள நிலையில்தான் பார்க்கிறார்கள், வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். குழல் நேராக மேலே பார்க்க வேண்டும், சாயக் கூடாது. மேலே மின்விசிறியோ பல்போ இல்லாத இடமாக நில்லுங்கள்.

கல்லைச் சமமான மேசை மேல் நிறுத்துங்கள். பிஸ்டலை இறக்கி, கொக்கி ட்ரிகரின் நடுப்பகுதியில் உட்காரும்படி மாட்டுங்கள். பிறகு பிஸ்டலை மெல்ல மேலே கொண்டுவாருங்கள். ட்ரிகர் நகர்ந்து ஒரு தடுப்பில் முட்டி நிற்கும் முதல் கட்டம் அமுங்குவது தெரியும், அங்கே ஒரு கணம் நிறுத்துங்கள். பிறகு கல் மேசையை விட்டுக் கிளம்பும்வரை மெல்ல உயர்த்துங்கள். மேசைக்கும் கல்லுக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி வந்தால் போதும். மூச்சை இழுத்துவிடும் நேரம் பிடித்திருந்துவிட்டு இறக்குங்கள். ஒரு தடவை தூக்கியது என்று எழுந்துவிடாதீர்கள். பத்துத் தடவை தூக்குங்கள், பத்திலும் நிற்க வேண்டும். ஒன்பதில் நின்று ஒன்றில் விட்டால் அந்த ஒன்று ரேஞ்சில் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

"நடுப்பகுதி" என்றேனே, அதைப் பற்றி இரண்டு வரி. பெரும்பாலான பிஸ்டல்களில் ட்ரிகர் மேலே ஓர் அச்சில் திரும்புகிறது. அச்சிலிருந்து தூரம் கூடக் கூட அதே கல் அதிகமாகத் திருகும். உதாரணத்துக்கு, அச்சிலிருந்து நடுப்பகுதி 20 மில்லிமீட்டர், கீழ்நுனி 26 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சரியாக 500 கிராமில் விடும் ட்ரிகர், நுனியில் மாட்டினால் 385 கிராமிலேயே விட்டுவிடும். மேசையில் கொக்கி நுனிப் பக்கம் போகிறது என்று தெரிந்தால், மரியாதையாக, "நடுவில் மாட்டலாமா சார்?" என்று பையன் கேட்கலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை.

டிஜிட்டல் ட்ரிகர் கேஜ் ஒன்று வாங்கினேன். அதில் 530 காட்டுகிறது. ஆனால் 500 கிராம் கல் மாட்டினால் ட்ரிகர் விட்டுவிடுகிறது. கேஜ் கெட்டுப்போனதா?
– வங்கி ஊழியர், மதுரை

கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. அது வேறு ஒன்றை அளக்கிறது. பிஸ்டலைப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு கேஜின் கொக்கியால் பின்னோக்கி இழுத்திருப்பீர்கள். குழல் மேலே பார்க்கும்போது ட்ரிகரின் சொந்த எடையும் கல்லோடு சேர்ந்து கீழே இழுக்கிறது. படுக்கையில் அந்த உதவி இல்லை. அடுத்தது, இழுக்கும் திசை. நேர்கோட்டிலிருந்து 15 டிகிரி சாய்ந்து இழுத்தால் 500 கிராமுக்கு விடும் ட்ரிகர் 518 என்று காட்டும். கண்ணுக்கு 15 டிகிரி பெரிதாகத் தெரியாது. மூன்றாவது, இழுக்கும் வேகம். இந்த மாதிரிக் கேஜ்கள் உச்சத்தில் தொட்ட எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, வேகமாக இழுத்தால் எண் ஏறும்.

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேஜ் வேறு ஒரு வேலைக்கு அருமையானது. ஒரே மாதிரிப் பத்துத் தடவை இழுத்து எண்களை எழுதுங்கள். 525-க்கும் 535-க்கும் நடுவிலேயே நின்றால் உங்கள் ட்ரிகர் ஒழுங்காக இருக்கிறது. 490 ஒன்று, 560 ஒன்று என்று சிதறினால் உள்ளே அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. கல்லால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. தேர்ச்சி என்று வரும்போது மட்டும் கல்தான் கடைசி வார்த்தை.

மேடம், என் மகளுக்கு 13 வயது. ட்ரிகர் ரொம்பக் கனமாக இருக்கிறது, விரல் வலிக்கிறது என்கிறாள். பயிற்சிக்கு மட்டும் 400 கிராமில் வைத்துவிட்டு, போட்டிக்கு முந்தைய நாள் 500-க்கு ஏற்றலாம் என்று தெரிந்த ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு தாய், சேலம்

வேண்டாம் அம்மா. இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். விரல் என்பது பழகிய இடத்தில் நின்றுவிடும் உறுப்பு. ஆறு மாதம் 400 கிராமில் விடும் என்று அவள் விரலுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, போட்டியன்று 500-ஐக் கொடுத்தால், 400-இல் ட்ரிகர் விடாமல் நிற்கும்போது அவள் திகைப்பாள். திகைத்தால் வெடுக்கென்று இழுப்பாள். பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். அந்த ஒரு வெடுக்கில் ஷாட் எட்டுக்கோ ஏழுக்கோ போய்விடும். ஷாட் போனதைவிட, "என்னால் முடியவில்லை" என்று அந்த வயதில் ஒரு குழந்தை நினைப்பதுதான் எனக்குப் பொறுக்காது.

கனம் என்று குழந்தைகள் சொல்லும்போது பெரும்பாலும் எடை காரணமாக இருப்பதில்லை. எட்டாத விரல்தான் காரணம். பெரியவர் கைக்கான பிடியைச் சின்னக் கையில் கொடுத்தால், விரல் நுனி மட்டும் ட்ரிகரைத் தொடும். நேராகப் பின்னால் இழுக்க முடியாமல் பக்கவாட்டில் இழுக்கும். மேலே ஒருவருக்குச் சாய்வுக் கணக்குச் சொன்னேனே, அதே கதைதான். சாய்ந்து இழுப்பவளுக்கு 500 கிராம் 500-ஆக இருக்காது.

ஆகவே இப்படிப் பாருங்கள். அவள் பிஸ்டலைப் பிடித்து நிற்கும்போது, ஆள்காட்டி விரலின் முதல் மடிப்புக்கு முன்னால் இருக்கும் சதைப்பகுதி ட்ரிகரின் நடுவில் உட்காருகிறதா? விரலின் நடுப்பாகம் மரப்பிடியைத் தொடாமல் இடைவெளி விட்டிருக்கிறதா? இல்லையென்றால் ட்ரிகர் பட்டையைப் பின்னால் நகர்த்தலாம், போட்டிப் பிஸ்டல்களில் அதற்கென்றே ஸ்க்ரூ இருக்கிறது. அதுவும் போதாவிட்டால் சின்ன அளவு மரப்பிடி மாற்ற வேண்டும். பட்டையை நகர்த்தியபின் எடையை மறுபடி சோதிக்க மறக்காதீர்கள், மாறியிருக்கலாம்.

பிறகு தினமும் கொஞ்ச நேரம், பெல்லட் இல்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரை ஃபயர். அந்த 500 கிராமிலேயே. விரல் வலி குறையும்வரை நேரத்தைக் குறையுங்கள், எடையைக் குறைக்காதீர்கள். கண்ணுக்குச் சொல்லுங்கள், கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பெரியம்மா அவள் அடுத்த கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள் என்று.

முதல் கட்டம், இரண்டாம் கட்டம் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? இரண்டும் தனித்தனியாக 500 இருக்க வேண்டுமா?
– போலீஸ் பயிற்சிப் பள்ளி மாணவர், வேலூர்

இல்லை தம்பி, இரண்டும் சேர்ந்து 500. முதல் கட்டத்தில் ட்ரிகர் நகர்ந்து ஒரு சுவரில் முட்டி நிற்கும். அந்தச் சுவரைத் தாண்ட வேண்டியது இரண்டாம் கட்டம். முதல் கட்டத்து ஸ்ப்ரிங் இரண்டாம் கட்டத்திலும் கூடவே எதிர்த்துக்கொண்டுதான் இருக்கும், அதனால் கூட்டித்தான் பார்க்க வேண்டும். முதல் கட்டத்தைக் கூட்டினால் மொத்தமும் கூடும். இது தெரியாமல் ஒன்றைத் திருகி மற்றொன்றைத் திருகி நாள் முழுக்கத் திண்டாடுவார்கள்.

பிரிப்பது அவரவர் விரல் பொறுத்தது. என் விருப்பம் முதல் கட்டத்தில் பெரும்பங்கு: 350-லிருந்து 380 வரை அங்கே, மீதி இரண்டாம் கட்டத்தில். மூச்சை அடக்கி, குறி நிலைப்பதற்குள்ளேயே எடையில் பெரும்பகுதியை விரல் ஏற்றுக்கொண்டுவிடும். கடைசியில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். சிலருக்கு அப்படி வைத்தால் சுவர் எங்கே என்று தெரியாமல் கண்ணை மூடி விழுந்த மாதிரி ஷாட் போய்விடும். அவர்கள் முதல் கட்டத்தை 300-க்கு இறக்கி, தெளிவான சுவர் வைத்துக்கொள்ளட்டும்.

முதல் கட்டத்தை அளக்க, கல்லுக்குப் பதில் ஒரு சின்ன டப்பாவில் கொக்கி மாட்டி மணல் போட்டுக்கொண்டே வாருங்கள். ட்ரிகர் சுவர்வரை முழுக்க அமுங்கும் இடத்தில் நிறுத்தி டப்பாவை எடை போடுங்கள். மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் இரண்டாம் கட்டம்.

ஒரு ஸ்க்ரூவை மட்டும் தொடாதீர்கள். சியர் கவ்வலைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ. சியர் என்பது ட்ரிகர் இழுக்கும்வரை சுடும் பாகத்தைக் கவ்விப் பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டு. கவ்வல் குறைந்தால் ட்ரிகர் அழகாக, கண்ணாடி உடைவது போல விடும் என்று ஆசை காட்டுவார்கள். கவ்வல் மிகக் குறைந்த பிஸ்டல் மேசையில் லேசாக இடித்தாலும் வெடித்துவிடும். அது விளையாட்டு இல்லை.

ரைபிள் சுடும் என் தோழியின் ட்ரிகர் தொட்டாலே விடுகிறது. அவளுக்கு எடைச் சோதனையே இல்லையாம். எங்களுக்கு மட்டும் ஏன்?
– கல்லூரி மாணவி, கடலூர்

உண்மைதான், 10 மீட்டர் ஏர் ரைபிளில் குறைந்தபட்ச ட்ரிகர் எடை என்று எதுவும் இல்லை. உங்கள் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிசிலும் சுட்டது அந்தப் பிரிவில்தான். நான் புரிந்துகொண்ட காரணம் இது: ரைபிள் தோளில் ஊன்றி, இரண்டு கையில், குழல் முன்னால் நீண்டு நிற்கிறது. அது தவறான பக்கம் திரும்ப வேண்டுமென்றால் உடம்பே திரும்ப வேண்டும். பிஸ்டல் ஒற்றைக் கையில் இருக்கிறது. மணிக்கட்டு கொஞ்சம் அசைந்தால் குழல் பக்கத்து லேனைப் பார்க்கும். தூக்கும்போதும் இறக்கும்போதும் தவறி விரல் பட்டால் விடாமல் இருக்க ஓர் எடை வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணமும் என் மனசில் உண்டு. க்ளப் அலமாரியில் பத்து வருஷமாக இருக்கும் பழைய பிஸ்டலோடு வரும் பிள்ளையும், புத்தம்புது பிஸ்டலோடு வரும் பிள்ளையும் அந்த ஒரே கல்லைத்தான் தூக்குகிறார்கள். அதற்குக் கீழே யாரும் போக முடியாது. மேசையில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க எனக்கு அதில் ஒரு நிறைவு இருந்தது.

ஏர் பிஸ்டலிலிருந்து 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டலுக்கும் சேர்ந்து பயிற்சி எடுக்கிறேன். 500-க்கும் 1000-க்கும் விரல் குழம்புகிறது.
– தேசியப் போட்டியில் சுடும் வீராங்கனை, சென்னை

குழம்புவது இயல்பு, தீர்வதும் இயல்பு. பாரிஸ் 2024-இல் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் தனிநபர் வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் வெண்கலமும் வாங்கிவிட்டு, அதே வாரத்தில் 25 மீட்டர் பிஸ்டலில் இறுதிச்சுற்றில் நான்காவது இடம் பிடித்தார். ஒரே விரல், அரை கிலோவும் ஒரு கிலோவும்.

எனக்குச் சரியென்று படுவது: இரண்டையும் ஒரே அமர்வில் மாற்றி மாற்றிச் சுடாதீர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதைவிட முக்கியம், இரண்டு பிஸ்டலிலும் கட்டங்களின் விகிதம் ஒரே மாதிரி இருக்கட்டும். ஏர் பிஸ்டலில் முதல் கட்டம் மொத்தத்தில் எழுபது சதவீதம் என்றால் இதிலும் எழுபது, அதாவது 700 கிராம். விரலுக்கு எடை மாறினாலும் வழி மாறாது. 1000 கிராமுக்கும் விளிம்பில் வைக்காமல் 1030 போல வையுங்கள். இந்தப் பிஸ்டலைச் சோதிக்கும் இடம் ரேஞ்ச் மட்டும்தான், வீட்டில் வேண்டாம்.

எலக்ட்ரானிக் ட்ரிகர் உள்ள பிஸ்டலுக்கும் இதே சோதனைதானா?
– வாசகர், புதுச்சேரி

இதேதான். ஸ்விட்ச் போட்டிருக்க வேண்டும், சார்ஜ் இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு கல் தொங்கினாலும் விடாது, அதைத் தேர்ச்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. சோதனைக்கு முன் ஒரு தடவை விரலால் இழுத்துச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

எங்கள் க்ளப் பிஸ்டலை நான்கு பேர் பகிர்ந்துகொள்கிறோம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ட்ரிகர் வேறு மாதிரி இருக்கிறது. யார் மாற்றினார்கள் என்றே தெரிவதில்லை.
– பள்ளி மாணவர்கள் நால்வர், தூத்துக்குடி

நால்வரும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதியது ரொம்பப் பிடித்தது. யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். அக்காவிடமோ அம்மாவிடமோ பளிச்சென்ற நிறத்தில் நெயில் பாலிஷ் வாங்குங்கள். கோச் முன்னிலையில் எடையை 520-இல் வைத்து, ஸ்க்ரூவின் தலையிலிருந்து பிஸ்டல் உடம்புவரை மெல்லிய ஒரு கோடு போடுங்கள். ஸ்க்ரூ கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். யாராவது திருகினார்களா, தானே தளர்ந்ததா என்ற கேள்விக்கு இடமே இருக்காது. ஸ்க்ரூவின் மரையில் மட்டும் பாலிஷ் இறங்க வேண்டாம்.

பெட்டிக்குள் ஒரு நோட்டு. எடுத்தவர் பெயர், தேதி, கல் நின்றதா என்ற மூன்று விவரம். யாருக்காவது ட்ரிகர் பட்டையை முன்பின் நகர்த்த வேண்டியிருந்தால் நகர்த்தட்டும், அதையும் எழுதட்டும், உடனே கல் மாட்டிப் பார்க்கட்டும். நால்வரில் கை சின்னதாக இருப்பவருக்கு ஏற்றபடி வைத்துவிட்டு மற்ற மூவரும் பழகிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

உங்கள் ஊரில் உப்புக் காற்று. ரேஞ்சிலிருந்து வந்ததும் உலோகப் பாகங்களை உலர்ந்த துணியால் துடையுங்கள். ட்ரிகர் உள்ளே எண்ணெய் விடாதீர்கள், தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிடும். பசை சேர்ந்த ட்ரிகர் காலையில் 540-இல் விடும், பத்து ஷாட் சுட்டு அசைந்து கொடுத்ததும் 495-இல் விடும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள்.

ட்ரிகர் கரகரவென்று இருக்கிறது. யூடியூபில் பார்த்து சியரை நானே எமரி தாள் போட்டுத் தேய்க்கலாமா? எடையும் கொஞ்சம் குறையும் என்கிறார்கள்.
– ஐ.டி. ஊழியர், ஓசூர்

தேய்க்காதீர்கள். சியர் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்ட மெல்லிய தோல். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் மென்மையான உலோகம் வேகமாகத் தேயும். எடை இறங்கிக்கொண்டே போகும், கடைசியில் பிஸ்டல் தானே விடத் தொடங்கும். கரகரப்பு பெரும்பாலும் அழுக்கு. அந்த வேலை தெரிந்த ஆர்மரரிடம், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம், கொடுத்துத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கரகரத்தால் அந்தப் பாகத்தை மட்டும் புதிதாக வாங்கிப் போடுங்கள். மாற்றிய அன்றே கல்லை மாட்டிப் பாருங்கள், நூறு ஷாட் போனபின் இன்னொரு முறை பாருங்கள். புதுப் பாகம் உட்காரும்போது எடை சில கிராம் இறங்கும், அப்போது ஏற்றிக்கொள்ளலாம்.